காளைகளுக்கு மட்டும் ஓய்வு

ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்டு மனு வந்தால், எங்கள் தாலுகா கச்சேரியிலிருந்து ஒரு பக்கம் நிறைய நிபந்தனைகளோடு உத்தரவு போகும். நகல் எடுத்தே எனக்கு அவை மனப்பாடம். ஓட்டத்துக்கு முன் காளைகள் ஒரு மணி நேரமாவது நிழலில் நிற்க வேண்டும். தண்ணீர் காட்டியிருக்க வேண்டும். கழுத்தில் புண் இருக்கக் கூடாது. ஆணி வைத்த குச்சியால் குத்தக் கூடாது. காளைகளைப் பற்றி முக்கால் பக்கம், கூட்டத்தைப் பற்றிக் கால் பக்கம். ஓட்டுகிறவனுக்குக் கைநாட்டு வைக்க ஒரு கட்டம் உண்டு. சர்க்காருக்கு அவனைப் பற்றி வேறொன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

யுத்த காலத்தில் ஒரு காணும் பொங்கலன்று மூன்று இடங்களில் பந்தயம். காலையில் நாமகிரிப்பேட்டை, உச்சிப்பொழுதில் ராசிபுரத்துக்கு வெளியே, சாயங்காலம் நாமக்கல் சாலையில் ஒரு கிராமம். மூன்றையும் ஒரே குமாஸ்தா பார்த்துக்கொள்ளலாம் என்று மேலே இருந்தவருக்குத் தோன்றியது. அந்தக் குமாஸ்தா நான்தான்.

ராசிபுரத்தில் கைநாட்டு வாங்கும்போது, காலையில் பார்த்த அதே கட்டைவிரல் நீண்டது. நாற்பது வயதிருக்கும், ஒடிசலான ஆள். காலையில் ஒரு பண்ணையின் காளைகளை ஓட்டி ஜெயித்துவிட்டு, வேறொரு பண்ணைக்கு ஓட்ட வந்திருந்தார். ரேக்ளாவில் உட்கார இடம் என்று ஒன்றும் கிடையாது. இரண்டு சக்கரம், ஒரு பலகை. அதன்மேல் குந்தியபடி, காளைகள் ஓடும் வேகத்தில் முதுகெலும்பு ஒவ்வொன்றும் குலுங்க ஓட்ட வேண்டும். ராசிபுரத்தில் அவர் இரண்டாவதாக வந்தார். இறங்கியதும் சிறிது நேரம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

மூன்றாவது ஊருக்கு இருவரும் ஒரே கரி பஸ்ஸில் போனோம். பெட்ரோல் கிடைக்காத காலம். அடுப்புக்கரி எரித்து ஓடும் பஸ் அது. சின்ன மேட்டைக் கண்டாலும் நின்றுவிடும். எல்லோரும் இறங்கித் தள்ளினோம், அவரும் தள்ளினார். காளைகளாக இருந்தால் அந்த நேரத்தில் நிழலில் நின்றிருக்கும்.

மூன்று பண்ணைக்கு ஏன் ஒத்துக்கொண்டீர் என்று கேட்டேன். ஒருவரிடம் முடியாது என்றால் அடுத்த வருஷம் அவர் கூப்பிட மாட்டாராம். ஆனால் சாயங்காலத்துப் பண்ணைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்: இன்று ஜெயித்துக் கொடுத்தால் வருஷம் முழுக்கத் தன்னிடமே வைத்துக்கொள்வார். அப்புறம் ஊர் ஊராக அலைய வேண்டாம், ஒரே ஜோடியை ஓட்டினால் போதும். இதை மூன்று தடவை சொன்னார். சொன்னதை மறந்துவிட்டுச் சொன்னார் என்று நினைக்கிறேன். கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன்.

"தூங்குனா கை மரத்துப்போயிருமுங்க சாமி. அப்பறம் கையில கவுறு நிக்காது."

சாயங்காலம் நான் எல்லைக் கோட்டில் கொடியோடு நின்றேன். இரண்டு வண்டிகள் வந்தன. இவர் வண்டி ஒரு வண்டி நீளம் முன்னால். கோட்டுக்கு இருபது அடி இருக்கும்போது, கடைசி வேகத்துக்காக நாக்கைச் சொடுக்கினார்.

காலையில் ஓட்டிய ஜோடி அந்தச் சொடுக்கைக் கேட்டால் பறக்கும். இந்த ஜோடி வருஷத்தில் இரண்டு மூன்று நாள்தான் பந்தயத்தில் ஓடுவது. மற்ற நாளெல்லாம் தோட்டத்துக் கிணற்றில் கவலை பூட்டித் தண்ணீர் இறைப்பது. கயிற்றை இழுத்துச் சரிவில் இறங்கும். தோல் சால் மேலே வந்து தண்ணீர் கொட்டியதும், நாக்கைச் சொடுக்கினால் அப்படியே பின்னால் நடந்து மேடேறும். இங்கேயும் சொன்ன பேச்சைக் கேட்டன. முன்னங்காலை ஊன்றி நின்று, பின்னால் நடக்க ஆரம்பித்தன. இவர் ஏர்க்காலில் மோதிக்கொண்டு தொங்கினார். மற்ற வண்டி கோட்டைத் தாண்டிப் போயிற்று.

"தண்ணி வந்துருச்சு, மடையத் திருப்புங்கப்பா" என்றான் கூட்டத்தில் ஒருவன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றைத் தாண்டி ஆட்கள் உள்ளே நின்றிருந்ததை நான் பார்த்திருந்தேன். எல்லாப் பந்தயத்திலும் நிற்பார்கள்தான். ஆனால் நிபந்தனைப்படி அது ஒன்று போதும், ஓட்டத்தைச் செல்லாது என்று எழுதி மறுபடி ஓடவிட எனக்கு அதிகாரம் உண்டு. காளைகளுக்கு ஒரு மணி நேர ஓய்வு கொடுத்துவிட்டுத்தான். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில் அவரிடம் போய்ச் சொன்னேன்.

உதட்டில் ரத்தம். துடைக்கவில்லை. "வேண்டாமுங்க சாமி. எழுதிப்போடாதீங்க. இன்னொருக்கா ஏறுனா நான் எந்த ஊர்ல இருக்கறேன்னே எனக்குத் தெரியாதுங்க."

அதற்குள் பண்ணைக்காரர் வந்துவிட்டார். கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் தெரிந்தது, ஊரே சிரித்திருந்தது. "ஏப்பா, வண்டியோட்டத்தான் உனக்கு வரல. கவலைக்கு நல்லாத்தான் பேசறே. எங்க கெணத்துக்கு வாரயா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் மறுபடி சிரித்தார்கள்.

"வாரேனுங்க" என்றார் இவர்.

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். பண்ணைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கவலை என்றால் கோழி கூப்பிடும்போது பூட்ட வேண்டும், வெயில் ஏறுகிற வரைக்கும் விட முடியாது, வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது கட்டிவராது என்றெல்லாம் சொன்னார். கேலியாகத் தொடங்கியவர் பாதியில் நிஜமாகவே விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரே கெணறுதானுங்களே?" என்று கேட்டார் இவர்.

"ஒன்னுதான்."

"அப்பச் சரிங்க."

பண்ணைக்காரர் காளைகளை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, நாளைக்கு வேண்டாம், ஆள் தூங்கி எழுந்து மறுநாள் வரட்டும் என்று என்னிடம் சொன்னார், ஏதோ அதையும் நான் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது போல.