மாடு இல்லாத வண்டி

ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிறவளுக்குக் காயம் கண்ணில் படுமுன்பே கள் வாடை மூக்கில் பட்டுவிடும். பஞ்சும் அயோடினுமாகக் காலம் கழித்த சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா?

பழக்கம்

மாரிமுத்து இருபது வருஷம் மாட்டுவண்டி ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை கள்ளுக்கடையிலிருந்து ஏறிப் படுத்தால், மாடுகளே தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் கொண்டுவந்து சேர்க்கும். பிறகு தோட்டத்துக்கு லாரி வந்தது; அதையும் கற்றுக்கொண்டார்.

ஒரு ஞாயிறு மத்தியானம், சுங்காய் ஊர்ச் சந்தைக்குப் போன பெண்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது லாரி கால்வாயில் விழுந்தது. அவர் நெற்றியைத் தைத்துக்கொண்டே, எப்படி நடந்தது என்று கேட்டேன்.

"வளைவு வந்தா மாடு தானா திரும்பும், மிஸ்ஸி. அந்த நெனப்புல கைய விட்டுட்டேன்."

இரண்டு பேர்

பட்டையைச் சீவிப் பால்மரம் வெட்டும் அஞ்சலை அந்த லாரியில் இருந்தாள். கணவன் இல்லை; இரண்டு பிள்ளைகள். நசுங்கிப்போன வலது கைக் கட்டைவிரலை எடுக்கவேண்டியதாயிற்று. கத்தி பிடிக்க முடியாதவளுக்கு வேலைப் பதிவேட்டில் பேர் இல்லை, பேர் இல்லாதவளுக்கு லயத்தில் வீடு இல்லை. அதுதான் தோட்டத்துச் சட்டம்.

மாரிமுத்துவின் மனைவி பச்சையம்மாள் வந்தால் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவள் யாரோடும் வாதாடவில்லை. விடியுமுன் தன் மர நிரையை வெட்டிவிட்டு, அஞ்சலையின் நிரையையும் வெட்டினாள். ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டால் இருவருக்கும் அவளே "இருக்கேன்" என்பாள். கங்காணியும் தலை நிமிராமல் அடுத்த பேருக்குப் போய்விடுவார்.

கல்லூரியில் கருணையைப் பற்றி எத்தனையோ பாட்டுகளை மனப்பாடம் செய்தவள் நான். கஞ்சியோடு வந்து அஞ்சலையின் கட்டிலருகே பச்சையம்மாள் நின்றபோது ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. "உன் புருஷன நான் மன்னிக்கணுமா?" என்று கேட்டாள் அஞ்சலை.

"மன்னிப்பு கெடக்கட்டும் அக்கா. மொதல்ல ஒன் பேரு இருக்கட்டும்."

இடது கை

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த வாழைமரங்களில் அஞ்சலை இடது கையால் வெட்டிப் பழகினாள். என் வாழை ஒன்றுகூடத் தப்பவில்லை. அப்புறம், சாய்க்கப்போகும் கிழட்டு ரப்பர் மரங்களில் பழகினாள்.

மூன்று மாதம் கழித்துக் கங்காணி அவளைச் சோதித்தார். கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் பட்டால் வேலை இல்லை. பச்சையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டை சுருளாக உதிர்ந்தது. வெள்ளைக் கோடாகப் பால் இறங்கியது. கங்காணி விரலால் தடவிப் பார்த்து, "ரெண்டு கையும் இருக்கிறவளே மரத்தக் காயப்படுத்துறா. ஒனக்கு எப்படி?" என்றார்.

"காயம்னா என்னன்னு கைக்குத் தெரிஞ்சுபோச்சுலா, கங்காணி."

மாரிமுத்துவுக்கு மறுபடியும் மாட்டுவண்டியையே கொடுத்தார்கள். ஒருவர் குடித்ததை இரண்டு பெண்கள் சுமந்து முடித்த அந்தத் தோட்டத்தில், நம்பி ஏறக்கூடிய வண்டியோட்டிகள் அந்த இரண்டு மாடுகள்தாம்.