காரில் தீராத வேண்டுதல்

பட்டறைச் சாவிக்கொத்தை என் சம்பந்தி தம் மகனிடம் கொடுத்த காலைப்பொழுது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆயுதபூசைக்கு மறுநாள். லேத் இயந்திரங்களின் மேலிட்ட சந்தனப்பொட்டு உதிரவில்லை. உடைத்த பூசணிக்காயின் குங்குமம் வாசலில் சிவந்து கிடந்தது. கணபதி என்னும் பகுதியில் இரு வீடுகளுக்கு நடுவே நெருங்கி அமைந்த பட்டறை அது; பம்புசெட்டுக்கான உதிரிபாகங்களைக் கடைந்து கொடுப்பது தொழில். ஆண்டுக்கணக்காக இடுப்பு பெல்ட்டில் தொங்கிய கொத்தை அவர் அவிழ்த்து நீட்ட, என் மகளை மணந்த மாப்பிள்ளை இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சம்பந்தி சிரித்த முகமாகத்தான் நின்றார். ஆனால் அவருடைய வலக்கை மட்டும் வெறும் இடுப்பைத் தடவிக்கொண்டே இருந்தது.

இனி உழைத்தாக வேண்டிய தேவை அவருக்கு இல்லை. வாடகை வந்தது, மகன் தலையெடுத்துவிட்டார், உடம்பும் ஒத்துழைத்தது. பொழுதைச் சும்மா கடத்தும் பழக்கம் ஒன்றுதான் அவரிடம் இல்லை. மறுவாரமே, வழியோடு போகிறவர்போலப் பட்டறைக்குள் நுழையத் தொடங்கினார். மகன் ஒரு வேலையை ஓர் இயந்திரத்தில் ஏற்றச் சொல்லியிருந்தால், இவர் அதை இறக்கி வேறொன்றில் ஏற்றச் சொல்வார். யார் சொல்லைக் கேட்பதென்று ஆட்கள் திகைத்தனர். ஒருநாள் என் மகள் தொலைபேசியில் அழைத்து, மாப்பிள்ளை பெருந்துறைத் தொழிற்பேட்டையில் வேலை தேடிக்கொண்டிருக்கிறார் என்றாள். அப்பா வந்துகொண்டிருந்தால் தாம் போய்விடுவது என்று முடிவு செய்திருக்கிறாராம். அவர் ஒரே மகன். அவர் போய்விட்டால் பட்டறை நிலைக்காது. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த குடும்பமும் நிலைக்காது.

சம்பந்தியிடம் இதை நான்தான் எடுத்துச் சொன்னேன். இனிப் பட்டறை வாசலை மிதிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். அதன்பின் அவருடைய மாலைப்பொழுதுக்கு ஒரு வழி காட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. எங்கள் பகுதிச் சிவன் கோயிலில் நாள்தோறும் பதிகம் ஓதும் சிறு கூட்டம் ஒன்று உண்டு. என் வாழ்வின் பெரும்பகுதி அப்பாடல்களின் நிழலில் கழிந்தது. ஓய்வு பெற்றவனுக்கு அதனினும் பெரிய செல்வம் இல்லையென்று உறுதியாக நம்பியிருந்தேன். ஆகவே அவரையும் அங்கே அழைத்துச் சென்றேன்.

அங்கும் அவர் பட்டறைக்காரராகவே அமர்ந்தார். பிந்தி வந்தவர்களிடம் காரணம் கேட்டார். சில நாள்களுக்குள்ளாகவே, எங்களை வழிநடத்திய ஓதுவாரைப் பாட்டின் நடுவில் நிறுத்தினார்.

“ஏனுங்க ஓதுவாரே, பாடுன வரியவே எதுக்குங்க திரும்பத் திரும்பப் பாடறது? ரீஒர்க்குங்களா?”

ஓதுவார் கைத்தாளத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்: “ஆமாங்கையா. இன்னும் பினிஷிங் வரலீங்க.”

கூட்டமே சிரித்தது, சம்பந்தியும் சிரித்தார். ஆயினும் மனம் ஒட்டவில்லை. ஓதிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி அதிரும். எழுந்து வெளிப்பிராகாரத்துக்குப் போய்விடுவார். பட்டறையின் மூத்த போர்மேன், மாப்பிள்ளைக்குத் தெரியாமல், ஒவ்வொன்றுக்கும் இவரிடம் யோசனை கேட்டு வந்தார் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. வாசலை மிதிப்பதில்லை என்றுதான் சொன்னேன், பேசுவதில்லை என்றா சொன்னேன் என்று சம்பந்தி என்னிடமே வாதிட்டார். இது வெளிப்பட்டால் என்ன ஆகும் என்ற கலக்கம் எனக்குள் குடியேறியது.

தைப்பூசக் கூட்டம் தணிந்த பின்னர், சம்பந்தியம்மா ஒரு பழைய வேண்டுதலை எடுத்தார். பட்டறை தொடங்கிய காலத்தில், தொழில் நிலைத்தால் கணவரோடு சென்னிமலைப் படியேறி முருகனைக் கும்பிடுவதாக அவர் வேண்டியிருந்தார். இந்த ஆர்டர் முடியட்டும், அந்த மெஷின் வரட்டும் என்றே அது தள்ளிக்கொண்டு போயிற்று. இப்போது தள்ளுவதற்குக் காரணம் ஏதுமில்லை. என்னையும் என் மனைவியையும் ஏற்றிக்கொண்டு சம்பந்தி காரை எடுத்தார். மலைப்பாதையில் நேரே உச்சிக்குப் போய் நிறுத்தி, காரியம் முடிந்தது என்பதுபோல் கதவைத் திறந்துவிட்டார்.

சம்பந்தியம்மா இறங்கவில்லை.

“நான் படியேறி வாரேன்னுதானுங்க வேண்டுனேன். கார்ல வாரேன்னு சொல்லலீங்களே.”

சம்பந்தி அவருடைய முழங்கால் வலியை நினைவூட்டினார். “அப்பக் காலு நல்லாத்தானுங்க இருந்துச்சு. உங்களுக்குத்தான் நேரமில்லாமப் போச்சு” என்றார் அம்மையார். குரலில் குறை கூறும் சாயல் இல்லை. சம்பந்தி காரைத் திருப்பி அடிவாரத்துக்கு ஓட்டினார்.

அம்மையார் சில படிகள் ஏறுவார், உட்காருவார். சம்பந்தி முதலில் விறுவிறுவென மேலே போய் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இறங்கி வந்தார். அப்படி ஏறி இறங்கி அலுத்தபின், முன்னே போவதையே விட்டுவிட்டார். வழியிலிருந்த மண்டபம் ஒன்றில், தேங்காய்ப் பையைக் குறிவைத்த குரங்குகளை என் மனைவி விரட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. போர்மேனின் குரல் எனக்கே கேட்டது. கடைந்து முடித்த உதிரிபாக லாட் முழுவதும் அளவு தவறிவிட்டது. சின்ன முதலாளித் தம்பி ஒருவழி சொல்கிறார். அப்படிச் செய்யட்டுமா, நீங்கள் வந்துவிடுகிறீர்களா?

சம்பந்தி எழுந்து நின்றார். கீழே எங்கள் கார் தெரிந்தது. அம்மையார் கண்களை மூடி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பியக் கேளப்பா. அவன் சொல்றாப்பல செய்யி. நான் என்ற ஊட்டுக்காரியோட படியேறிட்டிருக்கறேன். இனி இதுக்கெல்லாம் என்னையக் கூப்புடாதே.”

கைப்பேசியை அணைத்துவிட்டு, மனைவிக்கு ஒரு படி கீழே அமர்ந்து, அவருடைய காலை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். அம்மையார் கூசிப்போனார். “ஏனுங்க, சம்பந்தியெல்லாம் பாக்கறாங்க.”

“பாக்கட்டும்.”

திருவடி, திருவடி என்று காலமெல்லாம் பாடிப் பழகிய நாவு என்னுடையது. உடன் நடப்பவரின் வலிக்கும் காலுக்காக ஒருவர் தம் பொழுதை நிறுத்திவைப்பதும் வழிபாட்டைச் சேர்ந்ததே என்று அந்தப் படியில் நின்றபோது தோன்றியது. ஓய்வை நிரப்ப ஏதோ ஒன்றை அவருக்குத் தேடித் தந்துகொண்டிருந்தேன். அவருக்கோ தாம் காத்திருக்க ஓர் ஆள் இருந்தாலே போதுமானதாக இருந்தது.

அந்த லாட்டை மாப்பிள்ளை தம் வழியிலேயே சரிசெய்தார். சிறிது சேதாரம் ஆயிற்று என்று கேள்வி. அதன்பின் பெருந்துறைப் பேச்சு எழவில்லை. சம்பந்தி இன்றும் பதிகம் ஓத நாள்தவறாமல் வருபவர் அல்லர். வந்தால், திரும்பப் பாடும் வரிகளையும் கூடவே பாடிவிட்டு எழுகிறார்.

சென்ற வாரம் மாலையில் அவர்கள் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளையே பட்டறையிலிருந்து அழைத்தார். புதிய இயந்திரத்தில் ஏதோ ஓசை வருகிறது, ஒருமுறை வந்து கேட்டுப் பாருங்கள் என்றார். முன்னாளில் இப்படி ஓர் அழைப்பு வந்தால், உண்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடியிருப்பார். இப்போது எதிரே திரும்பிப் பார்த்தார். சம்பந்தியம்மா டம்ளர் காப்பியை ஊதி ஊதிப் பருகிக்கொண்டிருந்தார்.

“வாரேன் கண்ணு. உங்கம்மா காப்பி குடிச்சிட்டிருக்கறா. குடிச்சு முடிக்கட்டும்.”

அம்மையாரும் அவசரப்படவில்லை.