மூழ்கியிருப்பவையும் கணக்கில் உண்டு

இலங்கையில் போர் முடிந்த அந்த மே மாதம் எனக்கு வேலை, கனடாவின் வடகடலில் திமிங்கிலம் எண்ணுவது. கடலுக்குப் போய் அல்ல. ரொறன்ரோவில் ஒரு அலுவலகத்தில், கணினிக்கு முன்னால் இருந்து. விமானத்திலிருந்து எடுத்த படங்களில் வெள்ளையாகத் தெரியும் ஒவ்வொரு பெலூகாத் திமிங்கிலத்துக்கும் ஒரு புள்ளி வைப்பேன். அலை நுரையும் வெள்ளைதான், ஏமாந்துவிடக் கூடாது. அது முடிந்தபின், படம் எடுத்த கணத்தில் நீருக்கடியில் மூழ்கியிருந்தவற்றையும் கணித்துக் கூட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை இல்லையென்று எழுதுவது எங்கள் தொழிலில் மோசடி.

அப்போது என் அக்கா வன்னியில், மண்ணை வெட்டி அமைத்த பங்கருக்குள் பதுங்கியிருந்தாள். "வெளிய தலை காட்டேலாது, உள்ளுக்கதான் கிடக்கிறம். சாப்பாடுதான் இல்லை" என்று கடைசியாகப் போனில் சொன்னாள். அங்கே கொஞ்சச் சனம்தான் மிச்சம் என்றது அரசு. அரசு அனுப்பிய அரிசியும் அந்தக் கணக்குக்குத்தான் போனது. ரொறன்ரோவில் எங்கள் சனம் ரோட்டை மறித்து நின்று கத்தியது. அலுவலகத்திலோ பஸ் பிந்தியதுதான் பேச்சு.

ஒரு மதியம் பக்கத்து மேசைக்காரர் பத்திரிகையை விரித்தார். அவரும் திமிங்கிலம் எண்ணுகிறவர்தான். போர் நடக்கும் இடத்தை வானிலிருந்து எடுத்த படம் அதில் இருந்தது. உற்றுப் பார்த்துவிட்டு, "கூடாரங்கள்தான் தெரிகின்றன. நீங்கள் சொல்லும் அளவுக்கு ஆட்கள் இருக்க மாட்டார்கள்" என்றார்.

"காலையில் நீருக்கடியில் கிடந்த திமிங்கிலங்களைக் கூட்டினீர்களே! என் அக்கா மண்ணுக்கடியில் இருந்தால் மட்டும் கூட்ட மாட்டீர்களா?" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பை வைத்து நான் என்ன செய்ய?

சில நாட்களில் போர் முடிந்தது. தப்பி வந்தவர்களை அடைத்த முகாம்களில் அக்கா இல்லை. ஊரில் மாமா விசாரிக்கப் போனார். அவருடன் பேசிவிட்டுப் போனை வைத்த அம்மா, ரொறன்ரோவில் எங்கள் சென் ஜேம்ஸ் ரவுண் வீட்டின் குசினிக்குள் அடுப்பருகே நின்றபடி என்னைப் பார்த்தார்.

"காணாமப் போனவையைப் பதியிற இடத்தில, கடைசியாக் கண்ட ஆள் ஆர் எண்டு கேக்கிறாங்களாம். கண்ட ஆள் இல்லாட்டிப் பதியமாட்டாங்களாம். நீ படிச்சனி, சொல்லு பிள்ளை. ஒருத்தரும் காணாட்டி, என்ரை பிள்ளை இல்லையெண்டு ஆகுமோ?"

"இல்லையம்மா" என்றேன்.

மறுநாள் வேலைக்குப் போய், மூழ்கியிருந்த பெலூகாக்களைக் கூட்டி முடித்தேன். பக்கத்து மேசைக்காரர் சரிபார்த்தார். யாரும் கண்ணால் காணாத அந்தத் திமிங்கிலங்களை, கண்ட ஆள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.