கமலநாதன் நடக்கும் வேகம்

லோகேஸ்வரி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருபத்தாறு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அந்தப் பயிற்சிப் பள்ளியை மூடியதும், அவரிடம் படித்து நான்காவது முயற்சியில் லைசென்ஸ் எடுத்த கமலநாதன், கிள்ளானுக்கு வெளியே இருந்த தன் சோளத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டக் கூப்பிட்டார்.

வரிசைகளுக்கு நடுவே களை எடுக்கும் வேலை. சின்ன டிராக்டர், பின்னால் மண்ணைக் கிளறும் கொத்துகள். முதல் நாள் லோகேஸ்வரி சீட்டைச் சரிசெய்து, கையை நீட்டி சிக்னல் காட்டிவிட்டு ஆமையாக நகர்ந்தார். திரும்பிப் பார்த்தால், சாய்ந்த களையெல்லாம் சாவகாசமாக நிமிர்ந்துகொண்டிருந்தது.

“டீச்சர், கொஞ்சம் ஸ்பீடா போங்க லா!”

போனார். களை வேரோடு பறந்தது. மண்ணும் பறந்து, சாண் உயரக் கன்றுகளை மூடியது. மத்தியானம்வரை இருவரும் குனிந்து சோளத்தைத் தோண்டி எடுத்தார்கள்.

டிராக்டரில் மீட்டர் கிடையாது. வேகம் தெரியாமல் வண்டி ஓட்ட லோகேஸ்வரிக்கு மனசு வரவில்லை.

“தம்பி, நீங்க முன்னால நடங்க. நான் பின்னாலயே வரேன்.”

நூற்றுப்பத்து கிலோ கமலநாதன் கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். களை மல்லாந்து விழுந்தது, சோளம் அசையவில்லை. அன்றிலிருந்து முதலாளிக்குத் தினமும் காலையில் அதே வேலை. போன் வந்தால் நடை தளரும், களை பிழைத்துக்கொள்ளும். மனைவியோடு சண்டை என்றால் நடை சூடுபிடிக்கும், சோளம் புதையும்.

“வீட்டு சண்டைய வீட்டோட விட்டுட்டு வாங்க தம்பி,” என்பார் லோகேஸ்வரி.

இரண்டாவது போகத்தில், சண்டையே இல்லாமல் சோளம் புதைந்தது. பார்த்தால் கமலநாதன் பதினெட்டு கிலோ இளைத்திருந்தார். கால் துள்ளியது.

“சுகர் இறங்கிருச்சு டீச்சர்! டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம்!”

“டாக்டருக்கு என்னா? சாவறது சோளமில்ல?”

லோகேஸ்வரி பதினெட்டு கிலோ உரத்தைச் சரியாக நிறுத்து, சாக்கில் கட்டி, அவர் முதுகில் ஏற்றினார். பழைய நடை வந்தது. ஆனால் சுமை தூக்கியதில் ஆள் இன்னும் இளைத்தார். திங்கட்கிழமைதோறும் அவரைத் தராசில் நிறுத்தி, குறைந்ததைச் சாக்கில் சேர்த்தார் லோகேஸ்வரி. அதன்பின் ஒரு கன்றும் புதையவில்லை.

ஒருநாள் சாலையில் போன லோரி ஒன்று சட்டென்று நின்றது. மூட்டை சுமந்து வேர்க்க வேர்க்க நடப்பவரையும், பின்னால் ஊர்ந்த வண்டியையும் டிரைவர் கண்கொட்டாமல் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் ஓடிவந்து, சாக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“பத்துமலை முருகனுக்கு வேண்டுதலா அண்ணே?”

கமலநாதன் நின்று நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

லோகேஸ்வரி ஹாரனை அழுத்தினார். “நிக்காதீங்க தம்பி! களை தப்பிக்குது!”

கமலநாதன் நடந்தார். லோரிக்காரரும் “அரோகரா!” என்றபடி கூடவே நடந்தார், அவர் வேகத்திலேயே.