"நல்ல புள்ளதான்" என்று சொன்னவர்களுக்கு

கோபம் அடங்கின பிறகு இதைச் சொல்லலாம் என்று இருந்தேன். அடங்கவில்லை. அதனால் கோபத்தோடேயே சொல்கிறேன். அல்லாஹ் எனக்குச் செய்த உதவியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டிருக்க எனக்கு உரிமை இல்லை.

என் புருசன் நௌஸாத் போன நோன்புக்கு முந்தின மாதம் மவுத்தானார். கடற்கரையில் மீன்காரர் வலை வைக்கும் வாடி ஒன்றுக்குள் கிடந்தார். தூள், அதுதான் ஹெரோயின், பாவித்துத்தான் போனார். ஜனாஸாவுக்கு வந்தவர்களிடம் என் மாமி, அவருடைய உம்மா, மாரடைப்பு என்று சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். உண்மை தெரிந்துகொண்டே ஆட்டினார்கள்.

நான் அதிகம் படிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கோபத்தில் பிழை இல்லை.

எனக்குக் கலியாணம் பேசின காலத்தில் வாப்பா ஒழுங்காக விசாரித்தார். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். பெண் கொடுக்க முந்தி மாப்பிள்ளையின் தெருவில் போய்க் கேட்பார்கள். வாப்பா தேத்தண்ணிக் கடையில் கேட்டார். பக்கத்து வீட்டில் கேட்டார். நௌஸாத் தொழுகிற பள்ளிவாசலில் கேட்டார். எல்லா இடத்திலும் ஒரே பதில்.

"நல்ல புள்ளதான்."

அவர் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே தூளில் இருந்தார். அந்தத் தெருவுக்கே தெரியும். கலியாணம் முடித்து வைத்தால் திருந்துவான் என்று மாமி நினைத்தார். ஒருவரின் குறையை மறைத்தால் நன்மை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நன்மையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். குறையை என் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். நான்தான் மருந்தாம். என்னைக் கொடுத்தால் அந்த வருத்தம், அந்த நோய், மாறுமாம்.

மாறவில்லை. தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். நூல் கட்டினோம். ஜின் என்றார் ஒருவர். கண்ணூறு என்றார் இன்னொருவர். ஆஸ்பத்திரி என்று நான் வாய் திறந்தால் மாமி விடமாட்டார். "என்ட மகன பொலிசில புடிச்சுக் குடுக்கப் போறியாகா?" என்பார். எனக்கும் பயம் வந்துவிட்டது. பிறகு நௌஸாத்தே போய்விட்டார்.

வாப்பா வீட்டில் இத்தாவில் இருந்தேன், புருசனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இருக்கிற இருப்பு. வெள்ளை உடுத்துக்கொண்டு, வெளியே போகாமல், ஒரு அறைக்குள். பக்கத்து அறையில் என் தம்பி அஸ்கர் படுப்பான். மச்சான், மச்சான் என்று நௌஸாத்தின் பின்னாலேயே திரிந்தவன். சுவருக்கு அங்கால் அவனுடைய கொட்டாவி கேட்டது. மூக்கு உறிஞ்சுவது கேட்டது. ஒரு நிமிடம் அசையாமல் படுக்க மாட்டான். தடிமன் என்று உம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். அந்தத் தடிமனை எனக்குத் தெரியும். என் கட்டிலில் எத்தனை தரம் படுத்த தடிமன் அது.

வாப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் தன் காக்காவிடம், என் பெரியவாப்பாவிடம், போய்ச் சொல்லியிருக்கிறார். அடுத்த கிழமை பெரியவாப்பா சிரித்துக்கொண்டு வந்தார். அஸ்கருக்கு மருதமுனையில் ஒரு பெண் இருக்கிறாள் என்று வாப்பாவிடம் சொன்னார்.

"ஒண்டுக்கும் யோசிக்காத தம்பி. கலியாணத்த முடிச்சு வெச்சா எல்லாம் சரிவந்துரும்."

அறைக்குள் இருந்தே கத்தினேன். "பெரியவாப்பா! போன முற குடுத்த மருந்து இஞ்ச வெள்ள உடுத்துட்டு இருக்கு. கண்ணுக்குத் தெரியல்லயா?"

"வாய மூடுகா. இத்தாவில இருக்கிற பொம்புள இப்பிடியா சத்தம் போடுற?"

உம்மா ஓடி வந்து கதவைச் சாத்தினார்.

அன்றைக்கு அஸர் தொழுதுவிட்டு முசல்லாப் பாயிலேயே இருந்தேன். அழகான துஆ எனக்குத் தெரியாது. கோபத்தில் கேட்டேன். "யா அல்லாஹ், என்ட புருசன எடுத்துட்டாய். உன்ட நாட்டம், பொறுத்துக்கிட்டன். தம்பிய எனக்குத் தா. அந்தப் புள்ளயக் காப்பாத்து. நான் வெளிய போகேலா. நீதான் யாரையாவது உள்ள அனுப்பணும்." தினமும் அதையே கேட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அல்லாஹ் அனுப்பினான். யாரை அனுப்பினான் தெரியுமா? அந்த மருதமுனைப் பெண்ணின் உம்மாவை.

இத்தாவில் இருப்பவளைப் பார்க்கப் பெண்கள் வருவார்கள்தானே. அப்படித்தான் வந்தார். நான் துக்கம் விசாரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பாயின் ஓரத்தில் இருந்தார்.

"மகள், நான் சுத்திவளைச்சுக் கதைக்கல்ல. ஒங்கட தம்பி எப்பிடி?"

உம்மா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றார். அவருடைய கண் என்னைக் கெஞ்சியது. இரண்டு சொல் போதும். என் வாப்பாவுக்கு அந்தத் தெரு கொடுத்த அதே இரண்டு சொல்.

"மாமி, அவன் தூள் பாவிக்கிறான். மகளக் குடுத்துராதீங்க."

உம்மா தட்டை நிலத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு பல நாள் என்னோடு கதைக்கவில்லை.

அந்த மருதமுனை மாமி எழும்பிப் போவார், ஊரெல்லாம் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் எழும்பவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்து ஒரு கோப்பையை என் கையில் தந்தார்.

"என்ட தம்பியும் பாவிச்சவன்தான்."

"மவுத்தாகிட்டாரா மாமி?"

"இல்லகா! காலையிலயும் வந்து மீன் வாங்கித் தந்துட்டு, வெலையப் பத்தி என்னோட சண்ட புடிச்சுட்டுத்தான் போறான்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எங்கே கொண்டுபோய்க் காட்டினீர்கள் என்று கேட்டேன்.

"எங்க கொண்டு போற? நம்மட ஆஸ்பத்திரிதான். மனநலப் பிரிவுக்கு."

"பொலிசுக்குச் சொல்ல மாட்டாங்களா?"

"அவங்களுக்கு அதுவா வேல? டொக்டர் மருந்து தருவாரு. நேர்ஸ்மார் நல்லா ஏசுவாங்க. மருந்த விட ஏச்சுத்தான் கூட."

கிளினிக் நாளில் அவரே த்ரீவீல் பிடித்து எங்கள் வாசலுக்கு வந்தார். நாங்கள் ஏமாற்ற இருந்த பெண்ணின் உம்மா! அஸ்கர் துள்ளினான்.

"எனக்கு என்ன பைத்தியமா ராத்தா?"

"ஒனக்கு இல்லடா. நம்மட குடும்பத்துக்குத்தான் பைத்தியம். ஒனக்கு வருத்தம். போ."

வாப்பா அந்த மாமியைப் பார்த்தார். சேர்ட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு மகனின் கையைப் பிடித்து ஏற்றினார்.

முதல் நாட்கள் மோசம். வார்டில் எல்லோரையும் ஏசினான். காரைதீவு நேர்ஸ் அக்கா ஒருவர் வாப்பாவிடம், "ஏசட்டும் ஐயா, ஏசுறதுக்கு உயிர் கிடக்குதானே" என்றாராம். வீட்டுக்கு வந்த பிறகு மருதமுனை மாமியின் தம்பி அவனைக் கிழமைக்கு ஒரு தரம் கூட்டிப் போகிறார். விட்டவர்களும் விடப் பார்க்கிறவர்களும் ஒன்றாக இருந்து கதைக்கிற கூட்டம் அது. முஸ்லிம்களும் வருகிறார்கள், தமிழர்களும் வருகிறார்கள். பெற்றவர்களும் இருக்கலாம். வீட்டில் வாய் திறக்காத என் வாப்பா அங்கே போய் அழுதிருக்கிறார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அஸ்கர் ஒரு தரம் சறுக்கினான். ஆனால் ஒளிக்கவில்லை. தானே வந்து, "வாப்பா, நான் பாவிச்சிட்டன், வாங்க போவம்" என்றான். எங்கள் குடும்பத்தில் தான் பாவித்ததைத் தானே வாய் திறந்து சொன்ன முதல் ஆள் அவன். அல்ஹம்துலில்லாஹ்.

இத்தா முடிந்ததும் நான் முதலில் போனது அந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு. மீன் வாங்கப் போகிற வழி அது. நௌஸாத்தும் நானும் எத்தனை தரம் அதைத் தாண்டிப் போயிருப்போம். உள்ளே மருந்து இருந்தது. நாங்கள் வெளியே ஜின்னைத் தேடிக்கொண்டிருந்தோம். அந்த மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அல்லாஹ்வின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் மருந்தைப் பக்கத்திலேயே வைத்திருந்தான். மறைத்தது நாம்.

என்னைப் போல இருப்பவர்களே, கேளுங்கள். கோபத்தோடு கேட்டாலும் அவன் கேட்கிறான். ஆனால் அவன் அனுப்பும் ஆளிடம் பொய் சொல்லாதீர்கள். வீட்டில் பாவிக்கிறவர் இருந்தால் பெண் தேடாதீர்கள். கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வெட்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன். அந்த மாமி எனக்கு வந்தாரே.

போன கிழமை ஒரு பெண் கலியாணம் பேச வந்து அஸ்கரைப் பற்றி என்னிடம் விசாரித்தார். உம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்வதற்கு முந்தி அவரே வெளியே வந்தார்.

"அவன் இன்னம் மருந்தில இருக்கான்கா. சுகம் வரட்டும். மறுகா பாப்பம்."