பன்னிரண்டு நாள் தள்ளிப்போன முத்தம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். என் வீட்டுக்காரருக்கு ஆவடி ராணுவக் கிடங்கில் குமாஸ்தா வேலை. அயனம்பாக்கத்தில் குடியிருந்தோம்.

எனக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு தொல்லை. லேசாகக் காய்ச்சல் அடித்தாலே உதட்டோரம் கொத்தாக நீர்க்கொப்புளம் கிளம்பிவிடும். கல்யாணமான புதிதில் பூந்தமல்லியில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினேன். "பெரியம்மைக்குக் குத்துற அம்மைப்பால் குத்தினா இந்தப் புண்ணும் அடங்குதுன்னு சில டாக்டருங்க சொல்றாங்க. குத்திப் பார்ப்போம்" என்றார். மூன்று தடவை குத்தினார். கை வீங்கி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் அப்புறம் ஒரு வருஷத்துக்குமேல் புண் தலைகாட்டவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாம் தழும்பைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

மகன் பிறந்த இரண்டாம் மாதம் உதடு மறுபடி குறுகுறுத்தது. மறுநாள் கொப்புளம். அதான் மூன்று தடவை குத்தியாயிற்றே, இது வெறும் சூட்டு அக்கி என்று நானே முடிவுகட்டி, அக்கி எழுதிக்கொள்ள ஏரிக்கரைக் குயவரிடம் போனேன். பிள்ளையும் மடியில்.

புண்ணின்மேல் எழுதுவதற்காக அவர் காவியைக் குழைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை சிணுங்கினான். குனிந்து அவன் கண்ணில் முத்தம் கொடுக்கப் போனேன். சட்டென்று அவர் கை குறுக்கே வந்தது. என் கன்னமெல்லாம் காவி.

"இன்னாமா நீ! உதட்ல நீர் கட்டிகினு கீது, புள்ள கண்ல வெக்கப் போறியே? எம் பொண்டாட்டி இப்டித்தான் கொஞ்சினா. எம் பொண்ணுக்கு ஒரு கண்ணு பூ உழுந்து போயிடுச்சும்மா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெரிய டாக்டரே ஊசி போட்டிருக்க இவருக்கு என்ன தெரியும்? எழுதிக்கொள்ளாமலே எழுந்து, அவர் சொன்னது தப்பு என்று டாக்டர் வாயாலேயே கேட்டு வர, நேரே அவரிடம் போனேன்.

டாக்டர் பிள்ளையின் இமையை விலக்கி வெகுநேரம் பார்த்தார். "நல்லவேளை, ஒண்ணுமில்ல. அந்தக் குயவர் சொன்னதுதான் சரி. நான் குத்திப் பார்த்தது ஒரு பரீட்சைதாம்மா. இதுக்குன்னு ஊசி இன்னும் யாரும் கண்டுபிடிக்கல. அதை அன்னிக்கே உனக்கு விளக்கமா சொல்லியிருக்கணும், தப்பு என்னோடது" என்றார்.

பக்கு உதிரும்வரை வாயில் துணி கட்டிக்கொண்டுதான் பால் கொடுத்தேன். அவன் பொக்கை வாயால் சிரிக்கும்போது கொஞ்ச முடியாமல் அழுதிருக்கிறேன். பன்னிரண்டாம் நாள் உதடு சுத்தமானதும் அவனைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் குயவர், "இப்போ கொஞ்சும்மா" என்றார். பக்கத்தில் அவர் பெண் நின்று, தன் ஒற்றைக் கண்ணால் எங்களையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

என் பிள்ளைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அவன் உட்கார்ந்து பேப்பர் படிப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பார்வை இன்னொரு தகப்பன் பட்ட துக்கத்தால் தப்பியது என்று என் நெஞ்சு கனத்துப் போகிறது.