மைசூருக்குக் கீழே கொள்ளேகாலம்

அப்பா காணாமல் போனபோது அவரைத் தேட என் கையில் இருந்தது ஒரு கம்ப்யூட்டர்தான். தொண்ணூறுகளின் கடைசி. மைசூரில் ஒரு மாடி அலுவலகத்தில் இணையதளங்கள் செய்துகொண்டிருந்தோம். ஆதரவில்லாமல் தெருவில் திரிந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இல்லங்களுக்காக, என்னோடு வேலை பார்த்த கன்னடத்துப் பெண் ஒரு தளம் செய்திருந்தாள். இல்லங்கள் அனுப்பும் படங்களும் விவரங்களும் அதில் ஏறிக்கொண்டே இருக்கும்.

அப்பாவுக்கு ஞாபக மறதி முற்றிக்கொண்டு வந்தது. ஒரு காலையில் பால் வாங்கப் போனவர் திரும்பவில்லை. போலீசில் சொன்னோம், பஸ் ஸ்டாண்டில் படம் ஒட்டினோம். சித்தப்பா நஞ்சன்கூடு கோயில் வாசலில் பழியாகக் கிடந்தார். கொள்ளேகாலம் போய் உறவுக்காரர் வீடெல்லாம் விசாரித்தார். எங்கும் இல்லை.

தளத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் ஊர்க் குறி உண்டு. ஊருக்கு மேலே தாலுகா, அதற்கு மேலே ஜில்லா. மேலே இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் கீழே இருக்கிற அத்தனையும் வந்துவிடும். டேட்டாபேஸுக்குப் போகும் கேள்வியை அவள் அப்படித்தான் எழுதியிருந்தாள். சுத்தமான வேலை. நான் தினமும் மைசூர் ஜில்லாவை அழுத்துவேன். நஞ்சன்கூட்டில் கிடைத்தவர்கள் வருவார்கள், ஹுன்சூரில் கிடைத்தவர்கள் வருவார்கள். யார் யார் வீட்டு அப்பாக்களோ, பாவம்.

வீட்டுக்குப் போனால் அம்மா கதவிலேயே நிற்பாள்.

"கெடச்சாரா கண்ணு?"

"இல்லம்மா."

"மைசூரு ஜில்லா பூராவும் பாத்தியா?"

"பாத்துட்டேன், பாத்துட்டேன்! தெனம் இதையே கேட்டா நான் எங்க போய் முட்டிக்கறது?"

நாங்கள் கொள்ளேகாலத்துத் தமிழர்கள். கொள்ளேகாலம் என்றால் மைசூர் ஜில்லா, அவ்வளவுதான். அதைப் பிரித்துச் சாமராஜநகரை ஜில்லா ஆக்கியபோது அப்பா கொதித்துப் போனார். "எவனோ கோடு போட்டா நா வேற ஜில்லாக்காரனாயிருவனா? போங்கடா!" கடிதங்களில் பழையபடியே எழுதினார். வீட்டில் எல்லோருமே அப்படித்தான் எழுதினோம்.

ஒரு நாள் அந்தப் பெண் ஏதோ சரிபார்க்க, ஜில்லா எதையும் தேர்ந்தெடுக்காமல் எல்லாரையும் திரையில் வரவழைத்தாள். சட்டென்று என் மேசையில் ஒட்டியிருந்த அப்பாவின் படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லி நோடு. இது நிம்ம அப்பா அல்லவா?" இங்கே பார், உங்க அப்பா இல்லையா என்கிறாள்.

அப்பாதான். தாடியோடு இருந்தார். பெயர் தெரியாது, ஊர் கொள்ளேகாலம் என்று போட்டிருந்தது. கொள்ளேகாலத்துக்கு மேலே சாமராஜநகர். அரசாங்கம் பிரித்ததும் அவள் முறையாக அதை மைசூரிலிருந்து எடுத்து அங்கே சேர்த்திருந்தாள். யாரைத் திட்டுவது? அவள் செய்தது சரி. நாங்கள் சொன்னதும் எங்களுக்குச் சரி. அய்யோ, அத்தனை நாளும் அவர் அங்கேயேதான் இருந்திருக்கிறார்.

அம்மாவும் நானும் கொள்ளேகாலத்துக்குப் பஸ் பிடித்தோம். அவருக்கு மாற்றிவிட வேட்டியும் சட்டையும் அம்மா பையில் எடுத்துக்கொண்டாள். "நம்மள அடையாளம் தெரியுமா கண்ணு?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். இல்லம் ஊருக்கு வெளியே, புதிதாகத் தொடங்கியது. சித்தப்பா போனபோது அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. அங்கே பார்த்துக்கொள்கிற பெண்மணி எங்களையும் பையையும் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார்.

"போன வாரம் காய்ச்சல் வந்துதுங்க. தாங்கலீங்க. நாங்களே அடக்கம் பண்ணிட்டோமுங்க." பிறகு அவரே சொன்னார்: "பேரு கேட்டாத் தெரியாதுங்க. எந்த ஊருன்னு கேட்டா மட்டும் டக்குனு சொல்லுவாரு. மைசூரு ஜில்லா, கொள்ளேகாலம்னு."

அம்மா அழவில்லை. வேட்டியையும் சட்டையையும் அங்கிருந்த ஒரு கிழவரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

காரியம் முடிந்து வேலைக்குப் போனேன். யாரும் சொல்லாமலே அந்தப் பெண் ஒவ்வொரு ஊருக்கும் பழைய ஜில்லாவையும் சேர்த்து வைத்திருந்தாள். இனி பழைய ஜில்லா, புது ஜில்லா எதைச் சொல்லித் தேடினாலும் ஆள் வரும். என்னை உட்காரவைத்து, தான் முகம் கழுவப் போய்விட்டாள். மைசூரை அழுத்தினேன். அப்பா வந்தார். அவர் படத்தை இல்லத்துக்காரர்கள் இன்னும் எடுக்கச் சொல்லியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா கதவில் நின்றிருந்தாள்.

"கெடச்சாரா கண்ணு?" பழக்கதோஷம். கேட்டவுடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கெடச்சாரும்மா. மைசூரு ஜில்லாவுலயே கெடச்சாரு."